படிவத்தில் விடுபட்ட வரி

பிரமாண வாக்குமூலம் எப்படி இருக்க வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இடப்பக்கம் இரண்டு விரற்கடை ஓரம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து. பக்கந்தோறும் அடியில் கையொப்பம். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் அருகில் சுருக்கொப்பம். மூன்று நகல். வருவாய்த் துறையில் வாழ்நாள் முழுவதும் நான் சேர்த்த சொத்து இதுதான். ஓய்வு பெற்ற பிறகு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், தெருவில் யாராவது வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கே போய் நிற்கிறேன். நான் வருவதைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறவர்களும் உண்டு.

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு தெருவைக் கொளுத்தினார்கள். அந்தத் தெரு முழுக்க ஒரு சின்னக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். வெள்ளை உடுத்துவார்கள், நகை போட மாட்டார்கள், திருவிழாவுக்கு வரி கொடுக்க மாட்டார்கள். தெருமுனையில் ஓலை வேய்ந்த ஜெபக்கூடம் ஒன்று வைத்திருந்தார்கள். அது சப்பரம் வரும் பாதையில் இருக்கிறது என்று ஊரில் இரண்டு வருடமாகப் புகைச்சல். திருவிழா முடிந்த மறுநாள் பகலில், டிராக்டரில் மண்ணெண்ணெய் டின்களோடு ஒரு கூட்டம் வந்தது. தெரு எரிந்தது. ஜெபக்கூடத்தில் நான்கு பேர் செத்தார்கள்.

போலீசார் 'அடையாளம் தெரியாத கும்பல்' என்று எழுதிக்கொண்டு, கைக்குக் கிடைத்த சில இளவட்டங்களைப் பிடித்துப் போட்டார்கள். சாட்சி சொல்ல ஆள் வராமல் அந்த வழக்கு தானாக உதிர்ந்தது. பிறகு அரசாங்கம், அரசாங்கங்கள் செய்வதைச் செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு, ஒரு நபர் விசாரணைக் குழு அமைத்தது.

ஒரு நபர் குழுதான். ஆனால் அந்த ஒரு நபருக்கு ஒரு சுருக்கெழுத்தர், இரண்டு தட்டச்சர், ஏவலுக்கு ஒரு தபேதார், ஒரு ஜீப், ஆறு மேசை, அத்தனைக்கும் மேலே ஒரு கண்காணிப்பாளர் வேண்டியிருந்தது. அந்தக் கண்காணிப்பாளராக என்னை அயற்பணியில் அனுப்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய அரசுக் கட்டடத்தில் குழு உட்கார்ந்தது. அரசுக் கடிதத்தாளின் தலையில் அச்சடித்த கோபுரம், ஜன்னல் வழியே பார்த்தால் நேரில் நிற்கும். நீதிபதி நேர்மையானவர். பிற்பகல் மூன்று மணி வரை கூர்மையாகவும் இருப்பார். நான் தினமும் காலையில் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய், சாயங்காலம் திரும்பி வருவேன்.

மக்கள் வாக்குமூலம் கொடுப்பதற்கு ஒரு படிவம் தயாரிக்கச் சொன்னார் நீதிபதி. தயாரித்தேன். ஸ்டென்சில் தாளில் நானே தட்டினேன். என் தட்டச்சின்மேல் எனக்கு ஒரு கர்வம் உண்டு. 'கடவுள் சாட்சியாகச் சத்தியம் செய்து கூறுவது யாதெனில்' என்று தொடங்கி, கையொப்பத்துக்கு இடம் விட்டு, ஒரே பக்கத்தில் முடித்தேன். இதில் இன்னொரு வரி இருந்திருக்க வேண்டும். சத்தியம் செய்ய மனம் ஒப்பாதவர்கள் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று சொல்லலாம். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. இதில் ரகசியம் எதுவும் இல்லை. சென்னையில் பாதி மந்திரிசபை அப்படித்தான் பதவியேற்கிறது, வானொலியில் கேட்டிருப்பீர்கள். அந்த வரியைச் சேர்த்தால் படிவம் இரண்டாம் பக்கத்துக்குப் போகும். இரண்டாம் பக்கம் என்றால் இன்னொரு ஸ்டென்சில், இரட்டிப்புத் தாள். ஒரே பக்கத்தில் முடிவது அழகாக இருந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் அது வெறும் சோம்பல்தான். அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. குற்றம் பிறகு வருகிறது.

முதல் வாரத்தில் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை, வெறும் காது. கணவர் ஜெபக்கூடத்தில் செத்த நால்வரில் ஒருவர். படிவத்தை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். படிவத்தை முழுவதும் படிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு மரியாதை வந்தது. நாற்காலியைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். அப்படிக் கேட்பது என் வேலை இல்லை. எழுதிக் கொடுப்பதை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் என் வேலை. ஆனால் அவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் முதலில் கொளுத்த வரவில்லையாம். ஜெபக்கூடத்து வாசலில் அவர் கணவரை நிறுத்தி, இனிமேல் இங்கே ஜெபம் நடத்த மாட்டோம் என்று சத்தியம் செய்யச் சொன்னார்களாம். தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். கற்பூரத்தை அடித்து அணைத்தால் சத்தியம். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

"எங்க சபையில சத்தியம் பண்ண மாட்டோம் சார். நல்லதுக்கும் பண்ண மாட்டோம், கெட்டதுக்கும் பண்ண மாட்டோம். ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல, அம்புட்டுதான். எங்க வீட்டுக்காரரு, அவிய சொன்னாவ, வாயால சொல்லுதேன், ஆறு மாசம் இங்க கூட மாட்டோம், ஆனா கற்பூரம் அடிக்க மாட்டேன்னு. அடிக்காம எப்படி நம்புறதுன்னு டிராக்டர் மேல நின்ன ஆளு கேட்டாரு. பொறவுதான் டின்ன எடுத்தாக."

டிராக்டர் மேல் நின்றவரைத் தெரியுமா என்று கேட்டேன். இதுவும் என் வேலை இல்லை.

தெரியும் என்றார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் ஒன்பது வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தாராம். சூப்பர்வைசர், பூர்வீகம் இவர்கள் ஊர்தான். பெயரைச் சொன்னார். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். என்னைப் போலவே அவருக்கும் விவரம் முழுமையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

அது என் தங்கையின் கணவர் பெயர்.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு நடைமுறை இருக்கிறது. எழுந்து நீதிபதியின் அறைக்குப் போக வேண்டும். விசாரணைக்கு உரியவர் என் நெருங்கிய உறவினர், என்னை விடுவியுங்கள் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிற்பகலில் வேறு ஆள் வந்துவிடுவார். நான் எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, படிவத்தை நிரப்பி நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி வாருங்கள் என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். எல்லாம் எழுதியிருந்தார், பெயர் உட்பட. முத்துமுத்தான கையெழுத்து. 'சத்தியம் செய்து' என்ற சொற்களை மட்டும் ஒரே கோட்டில் அடித்திருந்தார். பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டிருந்தார். அடித்தல் இருந்தால் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான்தான் முதல் நாள் சொல்லியிருந்தேன். சத்தியம் இல்லாத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கோர்ட் வாசலில் இருந்த நோட்டரி திருப்பிவிட்டாராம். அவர் சட்டம் தெரியாமல் சொன்னார். நான் தெரிந்தே, 'பிரமாணம் முறைப்படி இல்லை. குறை நிவர்த்தி செய்து மீண்டும் அளிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். திருப்பிய மனுக்களின் பதிவேட்டில் வரிசை எண் போட்டு ஏற்றினேன். பதிவேடு சுத்தமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போவது வழக்கம். தங்கையின் கணவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். ஒரே ஊரில் இருந்தாலும் அந்த மரியாதைக்குக் குறைவில்லாமல் நடந்துகொள்வோம். அவர் கெட்ட மனிதராகத் தெரிய மாட்டார். என் அப்பா படுக்கையில் கிடந்தபோது, மில்லில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து தூக்கி உட்கார வைத்தவர். கறிக்குழம்பை என் இலையில் அவரே ஊற்றினார்.

"என்ன மச்சான், ஒங்க விசாரணை எம்புட்டுத் தூரத்துல நிக்கி?"

அதைப் பற்றிப் பேசக் கூடாது மாப்பிள்ளை என்றேன்.

"பேசாண்டாம், பேசாண்டாம். ரூல்னா ரூலு. பொம்பளையாளுக யாரும் வருதாகளான்னுதான் கேட்டேன்."

வருகிறவர்கள் பெயரைச் சொல்வதற்கில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "எங்க மச்சான் மாதிரி ஆபீசர் கெடைக்க மாட்டாரு, வீட்டாளுககிட்டயே வாயத் தெறக்க மாட்டாரு" என்று என் தங்கையிடம் சொன்னார். அவள் பெருமையோடு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் சட்டப்படி சாப்பிட்டு எழுந்தோம்.

பல வருடம் நான் என்னிடமே சொல்லிக்கொண்டது இதைத்தான்: யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. கேட்காததால் மறுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்காமல் போனது.

வாக்குமூலங்களுக்குக் கடைசி நாள் அன்று, மாலை நாலு மணிக்கு மேல் அந்தப் பெண் மூன்றாம் முறை வந்தார். நீதிபதி உள்ளே கோப்பின் மேல் கண்ணயர்ந்திருந்தார். தட்டச்சர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். புதிய படிவத்தில் எல்லாவற்றையும் மறுபடி எழுதியிருந்தார். இந்த முறை எதையும் அடிக்கவில்லை; கையொப்பமும் இடவில்லை. நோட்டரி அஞ்சு மணி வரை இருப்பார், அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று வந்திருக்கிறார்.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், சத்தியம் இல்லாம சொல்லுதுக்கு வேற வழி ஏதும் இருக்கா? நீங்க படிச்சவிய, ஒங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். ஒரு வரி. அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி நானே 'உளமார உறுதி' என்று மேலே எழுதிக் கொடுத்திருக்கலாம். நோட்டரியிடம் தபேதாரை ஒரு சீட்டோடு அனுப்பியிருக்கலாம். அரை மணி நேரம் இருந்தது.

"படிவத்துல இப்படித்தான்மா இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். நானும் அன்று அதைக் கவனித்தேன். பொய் சொல்லாமல் தப்பித்துவிட்டோம் என்று ஒரு கணம் நிம்மதி கூட வந்தது.

அவர் பேனா முனையைக் கையொப்பத்துக்கு விட்ட இடம் வரை கொண்டுபோனார். கையெழுத்துப் போட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன். போட்டுவிட மாட்டாரா என்றும், அதே நேரத்தில், எங்கோ ஒரு மூலையில் வேண்டிக்கொண்டேன். போட்டால் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும், என் கையை மீறிப் போய்விடும்.

"அவிய கற்பூரம் அடிச்சிருந்தா இன்னிக்கு உசுரோட இருப்பாவ" என்றார். "நான் அவியளுக்காக வந்துட்டு, அவிய செய்யாததச் செஞ்சா, அவிய செத்தது வீண் பிடிவாதம்னு ஆயிரும்லா."

பேனாவை மூடினார். படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். குழு அன்றோடு வாக்குமூலம் வாங்குவதை முடித்துக்கொண்டது.

அறிக்கை தயாராகச் சில வருடம் ஆயிற்று. குழுவின் காலத்தை நீட்டிக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் நான்தான் கடிதம் எழுதினேன். அதில் எனக்கு இணை கிடையாது. எரிந்த வீடுகளின் பட்டியல், மண்ணெண்ணெய் எங்கே வாங்கப்பட்டது, சப்பரப் பாதையின் வரைபடம் எல்லாம் அறிக்கையில் இருந்தன. நீதிபதி உழைத்திருந்தார். கடைசி அத்தியாயத்தை அவர் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்தேன், சுருக்கெழுத்தர் விடுப்பில் இருந்ததால். 'கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இன்னார் என்று நேரில் கண்டு கூறும் பிரமாண வாக்குமூலம் ஒன்றுகூட இக்குழுவின் முன் வரவில்லை' என்று சொல்லி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "ஒண்ணுகூடவா வரல?" என்று கேட்டார்.

வரவில்லை ஐயா என்றேன். 'ஒன்றுகூட' என்பதற்குப் பிறகு காற்புள்ளி வேண்டுமா என்றும் கேட்டேன்.

அறிக்கை சென்னைக்குப் போனது. எங்கேயோ ஓர் அலமாரியில் இருக்கும். நான் தாலுகா அலுவலகத்துக்குத் திரும்பி, தொண்ணூறுகளின் நடுவில் சால்வையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன். வாழ்த்திப் பேசியவர்கள், ஒரு தாளைக்கூட முறை தவறிக் கையாளாதவர் என்றார்கள்.

ஓய்வு பெற்ற மறுவருடம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். ராஜபாளையத்தில் பெரிய மண்டபம். தாய்மாமன் என்ற முறையில் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தேன். மணமகன் வீட்டுப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க தங்கச்சி வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான், சத்தியமே வேண்டாம் என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அன்று என்னால் பந்தியில் உட்கார முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து, அலமாரியிலிருந்து தட்டச்சு இயந்திரத்தை எடுத்துத் துடைத்தேன். படிவத்தை மறுபடி அடித்தேன். 'உளமார உறுதி கூறுவது யாதெனில்' என்று தொடங்கினேன். இரண்டு பக்கம் வந்தது. அந்தப் பெண் செட்டியார்பட்டிப் பக்கம் குடியேறி, தையல் மிஷின் வைத்துப் பிழைப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். போனேன்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் படிவத்தைக் கொடுத்தேன். பழைய பழக்கம், முழுவதும் படித்தார். அந்த முதல் வரியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"இது அப்பமே உண்டா சார்?"

உண்டு என்றேன்.

"அப்பமே ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவர் சபை வழக்கப்படி, ஆமாம் என்றால் ஆமாம். என் வாழ்க்கையில் அவருக்கு நான் நேராகச் சொன்ன முதல் பதில் அது. டிராக்டர் மேல் நின்றவர் எனக்கு என்ன உறவு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது எனக்குத் தெரியும். சூப்பர்வைசருக்கும் ஒங்க தங்கச்சிக்கும் கல்யாணம் ஆனப்பமே ரீலிங் பொம்பளையாளுக எல்லாம் போனோம்லா. வாசல்ல நீங்கதான சந்தனம் குடுத்தீக. நாங்க பூசிக்கிட மாட்டோம், ஆனா நீங்க குடுத்தீக, நான் கையில வாங்கினேன்."

தெரிந்துமா என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வேற யார்ட்ட வர? அந்த மேசையில நீங்கதான இருந்தீக. அதுவும் மூணு தடவ வந்தேன். ஒரு தடவயாவது சொல்லிருவீகன்னு நெனச்சேன்."

குற்றம் சாட்டும் குரல் அதில் இல்லை. இருந்திருந்தால் என்னால் எதிர்வாதம் செய்திருக்க முடியும். நான் நடைமுறையைப் பேசினேன். குழு கலைந்துவிட்டது, இனி அங்கே கொடுக்க முடியாது. ஆனால் கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுப் போடலாம். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், அதுதான் இடைஞ்சல் என்றேன்.

"ஏன் சொல்லலன்னு ஒங்களுக்குத் தெரியும்லா" என்றார். "அத நீங்க எழுதிக் குடுங்க. நான் வந்தேன், பேரு சொன்னேன், நீங்க கேட்டீக, திருப்பி விட்டீக. அம்புட்டு போதும். எம் பேப்பரோட ஒங்க பேப்பரையும் சேத்துக் குடுப்பேன்."

மிஷின் மேலிருந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்து நீட்டினார். அளவு குறித்து வைக்கிற நோட்டு. கிழிக்க ஒரு வெற்றுத் தாள் இருந்தது.

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். அதில் என் தங்கையைப் பார்த்தேன், கல்யாணப் பெண்ணைப் பார்த்தேன், என் ஓய்வூதிய உத்தரவைக்கூடப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"இப்படிச் சாதாத் தாளில் எழுதினா செல்லாதும்மா. ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிட்டு வாரேன்."

அவர் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வருவீகளா?"

வருவேன் என்றேன்.

"சரி. சத்தியமான்னு நாங்க கேக்கிறதில்ல."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். பஸ் ஏறி ராஜபாளையம் வந்து இறங்கிய கையோடு முத்திரைத்தாள் வாங்கினேன். என் பெயரில், அன்றைய தேதியில், முறைப்படி. அது பீரோவில் ஓய்வூதியக் கோப்புக்கு அடியில் இருக்கிறது. அதன் பிறகு இரண்டு ஐப்பசி வந்து போய்விட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு இன்னமும் தங்கை வீட்டில்தான் சாப்பாடு.

ஊர்ப் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஊரை எழுதினால் ஆளைத் தேடுவது சுலபம். இந்தப் பக்கங்களில் மாப்பிள்ளை பெயர் இல்லை, என் பெயர் இல்லை, செத்த நால்வரில் ஒருவர் பெயரும் இல்லை. இதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எந்த அலுவலகத்து வாசலும் ஏற முடியாது. தெரிந்தேதான் அப்படி எழுதியிருக்கிறேன். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். போலீசுக்குக் கொடுக்கும் வாக்குமூலத்துக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. சாதாத் தாள் போதும். அளவு நோட்டின் கடைசித் தாள் போதும், பென்சில்கூடப் போதும். அவர் அதை நீட்டியபோதே எனக்குத் தெரியும்.